ஃபைப்ரோஸ்கேன்: விறைப்பைச் சொல்லும், ஈரலின் வயதைச் சொல்லாது

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ, ஈரலின் விறைப்பையும் கொழுப்பையும் வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் கையிலிருக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வயதை ஏஎஸ்டி என்ற ஈரல் நொதியின் அளவால் பெருக்கி, பிளேட்லெட் எண்ணிக்கையையும் (ஆயிரத்தில்) ஏஎல்டி என்ற இன்னொரு ஈரல் நொதியின் வர்க்கமூலத்தையும் பெருக்கினால் வரும் எண்ணால் வகுக்க வேண்டும். வயது 50, ஏஎஸ்டி 40, ஏஎல்டி 64, பிளேட்லெட் இரண்டு லட்சம் என்றால் 2000-ஐ 1600-ஆல் வகுக்க 1.25 வரும். ஃபிப்-4 எனப்படும் இந்த எண் 1.3-க்குக் கீழே இருந்தால் ஸ்கேனுக்கு அவசரமில்லை. 65 தாண்டியவர்களுக்கு வரம்பு 2.

மேலே போனால் ஸ்கேனுக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. வலது விலா இடுக்கில் ஜெல் தடவிப் புரோபை (கருவியின் கைப்பிடி முனையை) வைத்ததும் அது 50 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தட்டும். ஈரல் எவ்வளவு விறைப்போ அவ்வளவு வேகமாக அலை ஓடும். அந்த வேகத்திலிருந்து கணக்கிடும் விறைப்பு அளவுதான் கிலோபாஸ்கல் எண். 8-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 12-க்கு மேல் என்றால் ஈரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கொழுப்புக்குத் தனி எண், சிஏபி. அது 290-லிருந்து 280 ஆனதை முன்னேற்றம் என்று எண்ண வேண்டாம், அளவீட்டில் அவ்வளவு ஆட்டம் இயல்பு.

சொதப்புவது பெரும்பாலும் தயாரிப்பில்தான். காலையில் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு நேரே போய்ப் படுத்தால், ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி விறைப்பு பொய்யாக ஏறும். மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். மஞ்சள் காமாலையோ இதயச் செயலிழப்போ இருக்கும்போதும் எண் ஏறும். ரிப்போர்ட்டில் பத்து அளவீடுகளும், 30 சதவீதத்துக்குள் ஐக்யூஆர் விகிதமும் (அளவீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதும்) அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பருமனானவர்களுக்கு எக்ஸ்எல் புரோப் தேவைப்படும். அது இருக்கிறதா என்பதைப் போனிலேயே கேட்டுவிடலாம்.

இனி, 'உங்கள் ஈரலின் வயது' என்று யாராவது நீட்டும் கூடுதல் தாள். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் தரவே வேண்டாம். ஈரல் செல்கள் முதுமையடைவது உண்மையான விஷயம்தான். பி16, பி21 புரதங்கள் கூடிய ஈரல் செல் பிரிவதை நிறுத்திவிடும், ஆனால் சாகாது. அதன் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதி) கொழுப்பமிலத்தைச் சரியாக எரிக்காததால் கொழுப்புத் துளிகள் உள்ளேயே தேங்கும். சும்மாவும் இருக்காது, ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்களைக் கசியவிட்டுப் பக்கத்துச் செல்களையும் கெடுக்கும். தேங்கிய கொழுப்பு மேலும் செல்களை முதுமையாக்குவதால் இது சுற்றிச் சுற்றி வரும் வினை. ஆனால் இதை நேராகப் பார்க்க ஈரல் திசுவை எடுத்துச் சாயமிட்டுத்தான் ஆக வேண்டும். விலாவுக்கு வெளியே இருந்து தட்டும் கருவி விறைப்பையும் கொழுப்பையும் மட்டுமே காணும். அவை எதனால் வந்தன என்று அதற்குத் தெரியாது.

முதுமைச் செல்களை நீக்கும் என்று கூடவே விற்கும் குவெர்செட்டின் (ஒரு தாவரப் பொருள்) மாத்திரையும் அப்படித்தான். 2017-இல் வெளியான எலி ஆய்வில் முதுமைச் செல்களை நீக்கியதும் ஈரல் கொழுப்பு குறைந்தது. அங்கே குவெர்செட்டினோடு தசாடினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தும் சேர்ந்திருந்தது. பின்னால் வந்த இன்னொரு எலி ஆய்வில் அதே ஜோடி பலன் தரவில்லை, நோய் சற்றுக் கூடவும் செய்தது. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறையும். தழும்பு ஆற 10 சதவீதம் வேண்டும். மாத்திரைக்கு ஒதுக்கிய பணத்தை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, அதே சென்டரில், அதே புரோபில் மறு ஸ்கேன் எடுக்க வைத்துக்கொள்ளலாம்.