கிசான் கால் சென்டர், இ-சஞ்சீவனி, 15100: காசில்லாமல் கேட்கலாம், எதுவரை கேட்கலாம்?

வேளாண்மை படித்தவர், டாக்டர், வக்கீல் என மூவரிடமும் வீட்டிலிருந்தே, ஒரு பைசா கொடுக்காமல் ஆலோசனை கேட்க அரசு வழி வைத்திருக்கிறது. மூன்றில் முதல் மதிப்பெண் கிசான் கால் சென்டருக்குத்தான். எண் 1800-180-1551. 2004 ஜனவரியில் தொடங்கியது. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. தமிழிலேயே பேசலாம். எடுத்துப் பேசுபவருக்கு எந்த மருந்தையும் விற்றாக வேண்டிய கட்டாயம் கிடையாது. உரக்கடையில் ஒரு பூச்சிக்கு மூன்று டப்பாவை எடுத்து வைக்கிறார்களே, அந்தத் தொல்லை இங்கே இல்லை.

குறை என்னவென்றால், அவரால் பயிரைப் பார்க்க முடியாது. 'நெல்லு மஞ்சளாயிருக்கு, என்ன அடிக்கலாம்?' என்று கேட்டால் மேலோட்டமான பதில்தான் வரும். அடி இலை, அதாவது பழைய இலை, முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. குருத்தும் இளம் இலையும் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறையைச் சந்தேகிக்க வேண்டும். நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இலையில் துரு நிறப் புள்ளிகள் விழுந்து, பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நின்றால் துத்தநாகக் குறை. மூன்றையும் 'மஞ்சள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் அவர் என்னதான் செய்வார்? ஆகவே போன் போடும்முன் வயலில் இறங்கி நாலைந்து இடத்தில் தூரைப் பிடுங்கிப் பாருங்கள். ரகம், நட்டு எத்தனை நாள், எத்தனை சென்ட், கடைசியாகப் போட்ட உரம், ஏற்கெனவே அடித்த மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அடுத்த சிக்கல் அளவு. 'ஜிங்க் சல்பேட் அரை சதம், யூரியா ஒரு சதம்' என்று பதில் வந்தால், பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராமும் 100 கிராமும் என்று கணக்கு. மக்காச்சோளப் படைப்புழுவுக்கு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி என்ற குருணை மருந்து லிட்டருக்கு 0.4 கிராம் என்றால், 16 லிட்டர் டேங்குக்கு 6.4 கிராம். மூடியால் அளந்து ஊற்றுகிற பழக்கம் இங்கே உதவாது. அந்தக் கரைசலும் குருத்துக்குள் இறங்க வேண்டும். புழு ஒளிந்திருப்பது அங்கேதான். ஹெக்டேர் கணக்கில் சொன்னால் 2.5-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு வந்துவிடும். அளவைத் திருப்பிச் சொல்லி, 'எந்த டேங்குக்கு?' என்று கேட்டுக்கொண்ட பிறகு போனை வையுங்கள்.

வீடியோவில் டாக்டரிடம் பேச வைக்கும் அரசுச் சேவையான இ-சஞ்சீவனிக்கு இரண்டாம் இடம். செல்போன் எண்ணில் ஓடிபி வாங்கிப் பதிவு செய்து, மாநிலத்தையும் புறநோயாளிப் பிரிவையும் தேர்ந்தெடுத்தால் டோக்கன் வரும். பிறகு வீடியோவில் டாக்டர். சளி, தோல் அரிப்பு, சர்க்கரை, பிரஷர் மாத்திரையைத் தொடர்வது போன்றவற்றுக்கு அரை நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் டோக்கனுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

'தூக்க மாத்திரை எழுதித் தரமாட்டேங்கிறார்' என்று சிலர் ஒரு ஸ்டாரோடு நிறுத்திவிடுகிறார்கள். அது டாக்டரின் பிடிவாதமல்ல. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைப்படி, போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளையும் கடும் கட்டுப்பாட்டோடு விற்கப்படும் 'அட்டவணை எக்ஸ்' மருந்துகளையும் இப்படி எழுதவே கூடாது. பல தூக்க மாத்திரைகள் அதில் அடக்கம். பழைய மாத்திரையைத் தொடர வேண்டுமானால் பழைய சீட்டையும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் முன்கூட்டியே போட்டோ எடுத்து ஏற்றிவிடுங்கள். மாத்திரை அட்டையைக் கேமராவுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினால் எழுத்து தெரியாது. தோல் பிரச்சினை என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருங்கள். ட்யூப்லைட்டுக்கு அடியில் தடிப்பின் நிறமே மாறித் தெரியும்.

15100, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண். இதற்குக் கடைசி இடம் கொடுப்பதற்குக் காரணம் வக்கீல்கள் அல்ல. காகிதத்தைப் பார்க்காமல் சொல்லும் சட்டக் கருத்துக்கு மதிப்பு குறைவு. பாகப்பிரிவினையில் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எதையும் காட்டாமல் 'எனக்குப் பங்கு வருமா?' என்று கேட்டால் 'வர வாய்ப்பு இருக்கு' என்பதைத் தாண்டி யாரும் பேச மாட்டார்கள். ஆனால் கெடுவைப் பற்றிய கேள்விக்கு இது கைகொடுக்கும். செக் பணமில்லாமல் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்துமூல நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. 'போன மாசம் ரிட்டர்ன் ஆச்சு' என்று சொன்னால் போதாது, செக் திரும்பியதாக வங்கி தரும் மெமோ கைக்கு வந்த தேதியைச் சொல்லுங்கள். நுகர்வோர் புகாருக்குக் கெடு இரண்டு வருடம்.

வழக்கு நடத்தவே இலவச வக்கீல் வேண்டுமானால், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவே உரிமை தருகிறது, வருமானத்தைப் பார்ப்பதில்லை. போனில் விவரம் கேட்டுக்கொண்டு, அசல் பத்திரங்களையும் ஒரு செட் ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் அலுவலகத்துக்கே போய்விடுங்கள். அசலைக் காட்டலாம், கொடுக்க வேண்டாம்.