புயல் காலத் தார்ப்பாய்: மூன்று வகை, ஒரு தராசு, கொஞ்சம் கயிறு

ஐப்பசி பிறந்தால் நாகப்பட்டினம், வேதாரண்யம், கடலூர் பக்கத்து ஹார்டுவேர் கடை வாசல்களில் நீலமும் மஞ்சளுமாகத் தார்ப்பாய்கள் தொங்க ஆரம்பித்துவிடும். 2011 டிசம்பர் 30-இல் தானே, 2018 நவம்பர் 16-இல் கஜா, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று புயல்களை வரிசையாக வாங்கிய கரை இது. கூரை போன வீட்டுக்கு முதலில் வந்து சேரும் பொருள் தார்ப்பாய்தான். வாங்குகிறவர்கள் பார்ப்பதோ நிறம், நீள அகலம், விலை இந்த மூன்றை மட்டும். அது கிழிவதற்கும் இந்த மூன்றுக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். புயல் அடிக்கும்போது கூரையைக் காப்பாற்றும் என்று நினைத்து எந்தத் தார்ப்பாயையும் வாங்காதீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 17 கிலோ அளவுக்குத் தள்ளும். 120 கி.மீ. காற்று 68 கிலோ. 12-க்கு 18 அடித் தார்ப்பாய் என்பது 20 சதுர மீட்டர். அதாவது 120 கி.மீ. காற்று அடியில் புகுந்தால் ஒன்றேகால் டன்னுக்கு மேல் தூக்கும். சுற்றிலும் மூன்றடிக்கு ஒன்றாக 20 கண்கள், அதாவது கயிறு கோக்கும் வளையம் பதித்த ஓட்டைகள், இருக்கும். எல்லாக் கண்ணும் சரிசமமாகப் பங்கு போட்டுக்கொண்டாலே ஆளுக்கு 68 கிலோ. நிஜத்தில் காற்று வரும் பக்கத்து நாலைந்து கண்கள்தான் மொத்தத்தையும் வாங்கும். அவை பிய்ந்தால் தார்ப்பாய் பாய்மரமாகிக் கட்டியிருக்கும் சட்டத்தையும் சேர்த்துப் பெயர்க்கும்.

ஆகவே இது புயலுக்குப் பிந்தைய பொருள். நவம்பரில் கூரை போனால் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை விடாது. அந்த ஐந்தாறு வாரம் அரிசியும் படுக்கையும் பிள்ளைகளின் புத்தகமும் நனையாமல் இருப்பதற்குத்தான் இது. புயலுக்கு முன்பு கீற்றுக் கூரைக்கு மேல் போடுவதற்கு மீனவக் கிராமங்களில் செய்வதே சரி. கழித்துப்போட்ட பழைய வலையை முகட்டைத் தாண்டி இரு பக்கமும் இழுத்துவிட்டு, கயிற்றால் கீழே இறுக்குவார்கள். வலைக்கண் வழியாகக் காற்று போய்விடும், கீற்று மட்டும் பிடிபட்டு நிற்கும். முளைக்குச்சியை மட்டும் நம்பக் கூடாது. மழையில் ஊறிய கடற்கரை மணலில் இரண்டடி முளைகூட உருவிக்கொண்டு வரும். மணல் நிரப்பிய சாக்கின் கழுத்தில் கயிறு கட்டி இரண்டடி ஆழத்தில் புதைத்து, கயிற்று நுனியை மேலே விட்டால் அது உருவாது.

இனி சரக்குக்கு வருவோம். கடையில் மூன்று வகை கிடைக்கும்.

முதலாவது, பிளாஸ்டிக் நாடா நெய்து இரு பக்கமும் மெழுகுபோல் பூச்சு கொடுத்தது. நீலம், மஞ்சள், ஆரஞ்சில் தொங்குவது பெரும்பாலும் இதுதான். நல்ல கனத்தில் வாங்கினால் இழுவைக்கு இதுவே உறுதி. மட்டமானதில் பூச்சு சீக்கிரம் பிரியும். கையால் தேய்த்துப் பாருங்கள், பொடி வந்தாலோ மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ வைத்துவிடுங்கள். புற ஊதாக் கதிர் தாங்கும் மருந்து சேர்க்காத சரக்கு ஒரு கோடையிலேயே உதிர ஆரம்பித்துவிடும். புயலுக்குப் போட்ட தார்ப்பாய் வீடு கட்டி முடியும்வரை கூரையிலேயே கிடப்பது வழக்கம் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

இரண்டாவது, நெய்யாமல் ஏடு ஏடாகக் குறுக்கே ஒட்டிய பிளாஸ்டிக் தாள். எந்தக் கம்பெனி சரக்காக இருந்தாலும் ஊரில் சில்பாலின் என்றே கேட்டு வாங்குகிறார்கள். மிருதுவானது, எடை குறைவு, முள் குத்தினாலும் கிழிசல் சட்டென்று ஓடாது. மாட்டுத் தீவனத்துக்கு அசோலா வளர்க்கும் தொட்டிக்கும் நெல் குவியலுக்கும் இதற்கு ஈடில்லை. கூரைக்கு என்றால் ஒரு குறை உண்டு. வெயிலில் இழுத்துக் கட்டிவைத்தால் மெல்ல மெல்லத் தளர்ந்து நீளும். தளர்ந்த இடத்தில் மழைநீர் தொப்பை போடும், தொப்பையின் பாரம் மேலும் நீட்டும்.

மூன்றாவது கான்வாஸ். லாரிக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். நனைந்தால் தூக்க நான்கு பேர் வேண்டும், உப்பங்காற்றில் பூசணம் பூக்கும்.

இந்த மூன்றையும் தாண்டி, செஞ்சிலுவை போன்ற நிவாரண அமைப்புகள் கொடுக்கும் தார்ப்பாய் ஒன்று இருக்கிறது. 4-க்கு 6 மீட்டர், வெளியே வெள்ளை, உள் இழை கறுப்பு, ஏறக்குறைய 200 ஜி.எஸ்.எம். கனம், அதாவது ஒரு சதுர மீட்டர் 200 கிராம் எடை. கட்டும் இடங்களில் இழை கனமாக நெய்த பட்டைகள் ஓடும், அந்தப் பட்டையில்தான் கண்களும் ஆணியும் வர வேண்டும். வெள்ளை வெயிலைத் திருப்பும். கறுப்பு இழை வெளிச்சத்தை மறிப்பதால் இரவில் உள்ளே விளக்கு எரிந்தாலும் இருப்பவர் நிழல் வெளியே விழாது. துணி மாற்ற இடமில்லாமல் தவிக்கும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை யோசித்துச் செய்திருக்கிறார்கள். இந்த வகை கைக்கு வந்தால் விற்றுவிடாதீர்கள். கடையிலும் இதே அமைப்பில் கேட்டுப் பாருங்கள். ஓரத்தைச் சுரண்டினால் நடுவில் கறுப்பு இழை தெரிய வேண்டும்.

கனத்தை எப்படிச் சரிபார்ப்பது? உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள். நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, ஜி.எஸ்.எம். எண்ணால் பெருக்கி, 10,764-ஆல் வகுத்தால் கிலோ வரும். 12-க்கு 18 தார்ப்பாய் 200 ஜி.எஸ்.எம். என்றால் 4 கிலோ இருக்க வேண்டும். 120 என்றால் 2 கிலோ 400. 18-க்கு 24 என்றால் 200-க்கு 8 கிலோ. ‘இருநூறுதான் சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கங்க’ என்று சொன்ன சரக்கைத் தராசில் ஏற்றியதும் பேச்சு மாறுவதைப் பார்க்கலாம். மைக்ரான் கணக்குச் சொன்னால் குழம்ப வேண்டாம். மைக்ரான் தடிமன், ஜி.எஸ்.எம். எடை. இந்த பிளாஸ்டிக்கில் 100 மைக்ரான் தாள் சுமார் 92 முதல் 95 ஜி.எஸ்.எம். வரும். நெய்த சரக்குக்கு மைக்ரான் சொல்வதில் அர்த்தமே இல்லை. விலையையும் கிலோவுக்குப் பிரித்துப் பாருங்கள், மலிவு என்று நினைத்தது பல நேரம் மலிவாக இருக்காது. டேப்பும் கொண்டுபோங்கள். துணி வெட்டிய அளவைத்தான் கடைக்காரர் சொல்வார். ஓரம் மடித்து ஒட்டிய பிறகு ஒவ்வொரு பக்கமும் சில அங்குலம் குறைந்துதான் இருக்கும்.

ஓரத்து மடிப்புக்குள் கயிறு ஓடுகிறதா என்று விரலால் நெருடிப் பாருங்கள். கயிறில்லாத மடிப்பில் கண் நிற்காது. கண் அலுமினியமாக இருக்கட்டும். காந்தம் ஒட்டினால் இரும்பு, கடற்கரையில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் துருவேறி, துருவின் விளிம்பே துணியை அறுக்கும்.

இவ்வளவு பார்த்து வாங்கினாலும் கண்ணை நம்பிக் கட்டுவது இரண்டாந்தரம்தான். கண் என்பது துணியில் போட்ட ஓட்டை. அதைவிட உறுதியான முறை ஒன்று உண்டு. உருண்டையான ஒரு பொருளைத் தார்ப்பாயின் உள்பக்கம் வைத்து, வெளியிலிருந்து துணியோடு சேர்த்துப் பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுற்றி முடிச்சிடுவது. துணியில் ஓட்டையே இல்லை, இழுவை நாலாபக்கமும் பரவும், எந்த இடத்திலும் கட்டலாம். கூழாங்கல் கிடைக்காத மணற்கரையில் புன்னைக்கொட்டை கச்சிதமாகப் பொருந்தும். நல்ல உருண்டை, கெட்டியான ஓடு, கூர் முனை கிடையாது. கருங்கல் ஜல்லி வேண்டாம், அதன் விளிம்பு துணியை வெட்டும்.

கயிற்றில் நைலான் நனைந்தால் நீளும், காலையில் இறுக்கியது மாலையில் தொங்கும். மீன்பிடிக்குப் பயன்படுத்தும் 6 மி.மீ. பி.பி. (பாலிபுரொப்பிலீன்) கயிறு நனைந்தாலும் நீளாது, ஆனால் வெயிலில் சொரசொரப்பாகி நார் உதிரும். உதிர ஆரம்பித்ததுமே மாற்ற வேண்டும். தேங்காய்நார்க் கயிறு முடிச்சில் வழுக்காது, கொஞ்ச நாளைக்கு அதுவும் நல்லதே. கட்டுக்கம்பி மட்டும் கூடவே கூடாது. துணியை அறுப்பது ஒருபுறம் இருக்கட்டும். கஜாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்த கரை இது. அறுந்து தொங்கும் ஒயர் எதில் படும் என்று சொல்ல முடியாது.

கூரைமேல் போடும்போது தார்ப்பாய் முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்க வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் மூடிவிட்டு முகட்டுக்குக் கீழே நிறுத்தினால், மேலிருந்து வரும் தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து நேராக வீட்டுக்குள் இறங்கும். மிக அதிகமாகப் பார்க்கும் தவறு இதுதான். ஓரத்தை 2-க்கு 1 அங்குல ரீப்பரில் (மெல்லிய மரச்சட்டம்) மூன்று சுற்றுச் சுருட்டி, ரீப்பரோடு சேர்த்து இரண்டரை அங்குல ஆணியை அடிக்கு ஒன்றாக அடியுங்கள். துணியில் நேராக ஆணி அடித்தால் முதல் காற்றிலேயே ஆணி நிற்கும், துணி போய்விடும். வேறு வழியில்லாமல் அடிக்க வேண்டிய இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வாஷராகப் போடுங்கள். இரண்டு தார்ப்பாயை இணைப்பதும் அப்படித்தான். இரண்டு ஓரத்தையும் சேர்த்து மடித்து ஒரே ரீப்பரில் சுருட்ட வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பினால் போதாது.

உண்மையில் தார்ப்பாயைக் கொல்வது படபடப்பு. இரவெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் ஓட்டு விளிம்பு, சட்டத்து முனை, கீற்று ஈர்க்கு எல்லாம் அரம்போல் அறுக்கும். அந்த இடங்களில் சாக்கு வைத்துக் கட்டுங்கள். மேலே நான்கடிக்கு ஒரு கயிறு முகட்டைத் தாண்டி ஓடட்டும், இரு முனையிலும் 10 கிலோ மணல் சாக்கு தொங்கட்டும். உரச் சாக்கை வெயிலில் விட்டால் சில மாதத்தில் மக்கி மணல் கொட்டிவிடும். எடை போனது தெரியாமலே அடுத்த காற்று வரும். சிமென்ட் ஷீட் கூரை என்றால் மணல் சாக்கை ஷீட்டின் மேல் வைக்காதீர்கள். ஏறுகிறவர் போல்ட் வரிசையைப் பார்த்துச் சட்டத்தின் மேல் மட்டும் கால் வைக்க வேண்டும், நடுவில் மிதித்தால் ஆளோடு உள்ளே போகும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளை நனைத்துவிட்டு அள்ளுங்கள், உடைத்துத் தூள் கிளப்ப வேண்டாம். தார்ப்பாய்க்குக் கீழே அடுப்பும் வேண்டாம், இந்த பிளாஸ்டிக் எரிந்து சொட்டும்.

அடுத்த புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது? கழற்றிவிட வேண்டும். 2020-இல் நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் கரை கடந்தது. ஒரு வாரத்தில் புரெவி இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் நின்றுகொண்டு டெல்டா முழுக்கக் கொட்டியது. இப்படி அடுத்தடுத்து வரும்போது காற்றுக்கு முன் இறக்கிச் சுருட்டி, காற்று அடங்கி மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதிசெய்துகொண்டு மறுபடி ஏற்றும்படியாகத்தான் கட்டு இருக்க வேண்டும். அதனால் இறவாணத்துப் பக்க முடிச்சுகளை, நுனியை இழுத்தால் அவிழும் உருவு முடிச்சாகவே போடுங்கள்.

நம் தீர்ப்பு: கூரைக்கு 200 ஜி.எஸ்.எம். நெய்த சரக்கு, வெள்ளைக்குள் கறுப்பு கிடைத்தால் உத்தமம். தரைக்கும் சாமான் மூடவும் சில்பாலின் வகை 120 போதும். 12 அடி அகலம், 20 அடி நீள ஓட்டு வீட்டுக்கு 18-க்கு 24 ஒன்று சரியாக வரும், சுருட்ட ஓரமும் மிஞ்சும். சரிவு கூடிய கீற்று வீட்டுக்கு 24-க்கு 24 வேண்டும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, மடிக்காமல் சுருட்டி, எலி ஏறாதபடி பரணில் கயிற்றில் தொங்கவிடுங்கள். அதோடு ஒரு பையில் 6 மி.மீ. கயிறு 50 மீட்டர், ரீப்பர் ஆணி 2 கிலோ, டியூப் வாஷர், சுத்தியல், இரண்டு கை நிறையப் புன்னைக்கொட்டை. புரட்டாசி கடைசியில் இறக்கிப் பிரித்துப் பாருங்கள். கடையில் விலை ஏறும் முன்பே கிழிசல் தெரிந்துவிடும்.