கும்பிடுபூச்சி வளர்ப்பு: ஒரே தொட்டியா, ஆளுக்கொரு டப்பாவா?

முட்டைக்கூடு பொரிந்த அன்று ஒரே தொட்டிதான் சரி என்று தோன்றும். சீனக் கும்பிடுபூச்சியின் ஒரு கூட்டிலிருந்தே 100, 200 குஞ்சுகள் இறங்கும்; அத்தனைக்கும் டப்பா தேட முடியாது. முதல் இரண்டு தோலுரிப்பு முடியும்வரை சேர்த்தே வைக்கலாம். உள்ளே நிறையக் குச்சிகள், சுவரில் வலைத்துணி, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பறக்காத பழ ஈக்கள், இவ்வளவு போதும். சில குஞ்சுகள் மற்றவற்றுக்கு இரையாகத்தான் செய்யும்.

மூன்றாம் பருவத்திலிருந்து, அதாவது இரண்டாவது தோலுரிப்பு முடிந்ததிலிருந்து, கணக்கு மாறுகிறது. ‘வயிறு நிறைந்தால் அடித்துக்கொள்ளாது’ என்பார்கள். பாதி உண்மை. சண்டையை விடப் பெரிய ஆபத்து தோலுரிப்பு. பூச்சி தலைகீழாகத் தொங்கும். தலைக்குப் பின்னால் தோல் பிளக்கும். உடல் மெல்ல வழுக்கி இறங்கும். கால்கள் அப்போது ஈர நூல் மாதிரி. பக்கத்தில் ஒன்று உரசிவிட்டுப் போனாலே போதும், கீழே விழுந்து கால் கோணிவிடும். பட்டினி வராமலிருக்கச் சுவர்க்கோழிகளைக் கொட்டி வைத்தால் இன்னும் மோசம்: தொங்கும் பூச்சியை அவையே கடிக்கும். கூட்டுத் தொட்டிக்குத் தீனி மிஞ்ச வேண்டும், தோலுரிப்புக்கு மிஞ்சவே கூடாது. இந்த முரண்பாட்டுக்கு ஒரே வழி, கடிக்காத ஈக்களை மட்டும் போடுவது.

தனி டப்பாவில் இந்தத் தலைவலி இல்லை. உயரம் பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு, அகலம் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். மூடியின் உட்புறம் வலைத்துணி ஒட்டுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக்கில் பல வகைகளுக்குப் பிடி கிடைக்காது. இரை உடல் நீளத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். வயிறு உப்பியிருந்தும் இரையைத் தொடாமல் ஒதுங்கினால் தோலுரிக்கப் போகிறது. மிச்ச இரையை உடனே எடுத்துவிட்டு லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். வேலை கூடுதல்தான். இருபது டப்பாவுக்குத் தெளித்து முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

தொட்டியின் நடுவே தடுப்பு வைப்பது மூன்றாவது வழி. பார்க்க அழகு, அவ்வளவே. வலைத் தடுப்பின் இருபுறமும் இரண்டு பூச்சிகள் நாள் முழுக்க ஒன்றையொன்று குறிவைத்து நிற்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் மறுபுறம் தெரியாத அட்டை வையுங்கள், மேல்விளிம்பில் இடைவெளி விடாதீர்கள்.

வயலின் இசைக்கருவியின் பெயர் கொண்ட ‘வயலின் கும்பிடுபூச்சி’ வகை இதற்கெல்லாம் விலக்கு. ஒரே அளவுள்ளவை கூட்டமாகவே வாழும். பறக்கும் இரையைத்தான் விரும்பும் என்பதால் ஈக்களே போதும், சுவர்க்கோழித் தொல்லையும் இல்லை. நல்ல சூடும் காற்றோட்டமும் மட்டும் குறையக் கூடாது. பேய்க் கும்பிடுபூச்சியும் ஓரளவு பொறுத்துப்போகும், ஆனால் அளவு வித்தியாசம் வந்த அன்றே பிரித்துவிடுங்கள்.

மற்ற வகைகளில் வளர்ந்த ஆணையும் பெண்ணையும் இணை சேர்க்க மட்டும் ஒன்றாக விடலாம். அதற்கு முந்தைய சில நாட்கள் பெண்ணுக்கு வயிறு முட்டத் தீனி போடுங்கள். இணைந்து பிரிந்ததும் ஆணை வெளியே எடுத்துவிடுங்கள். பெண் அதைத் தின்ன வந்தால் தானாகத் தப்பித்துக்கொள்ள அந்தத் தொட்டியில் இடமில்லை.