பதினாறு சனிக்கிழமைகள்: மட்டக்களப்பில் படித்த ஒரு கல்வித் தொழினுட்பப் பாடநெறி

மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு தனியார் கணினிக் கல்வி நிலையத்தில், ஆசிரியர்களுக்கும் ஆசிரியராக வர விரும்புவோருக்குமென நடத்தப்படும் நான்கு மாதச் சான்றிதழ்ப் பாடநெறியொன்றை அண்மையில் முடித்தேன். சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை, மொத்தம் பதினாறு வகுப்புகள். கட்டணம் 38,000 ரூபாய். இரண்டு தவணைகளில் கட்டலாம். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நடத்துபவர்களோடு எனக்குப் பிணக்கு எதுவுமில்லை. அங்கே கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்பதை, இதே யோசனையில் இருக்கும் ஆசிரியர்களுக்குச் சொல்லிவைப்பதே நோக்கம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, குரல்பதிவும் கையால் வரைந்த படமுமாக வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பிய ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுள் நானும் ஒருவர். வீட்டிலுள்ள ஒரே கைபேசியைத் தகப்பனார் வயலுக்குக் கொண்டுபோய்விட, இரவு எட்டு மணிக்குப் பிறகே பாடத்தைத் திறந்து பார்க்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். இந்தத் துறையை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த மாதங்களில் வந்ததுதான். ஆனாலும் உண்மையைச் சொல்வதானால், என்னைப் பணம் கட்ட வைத்தது துண்டுப்பிரசுரத்தில் தடித்த எழுத்தில் இருந்த ஒரு வரி: “வகுப்பறையிலிருந்து கல்வித் தொழினுட்பத்துக்கு – உங்கள் அடுத்த தொழில்.”

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட வடிவமைப்புப் பகுதியை நடத்தியவர் ஓய்வுபெற்ற சேவைக்கால ஆசிரிய ஆலோசகர் ஒருவர். முதல் இரண்டு வகுப்புகளில் அவர் எங்களைக் கணினியைத் தொடவே விடவில்லை. ஆளுக்கொரு வெற்றுத்தாளைத் தந்து, “மனே, பிள்ளை எந்த இடத்தில பிழை விடும் எண்டு முதல்ல எழுது, கொம்பியூட்டரப் பிறகு திறக்கலாம்” என்றார். பணம் கட்டி வந்த எங்களில் சிலர் முகம் சுளித்தது உண்மை. நான் எளிய மின்சுற்று என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு, மின்கலவடுக்கிலிருந்து புறப்படும் ஓட்டத்தில் ஒரு பங்கை மின்குமிழ் தின்றுவிடுகிறது, ஆகவே குமிழுக்கு அப்பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று பிள்ளைகள் நினைப்பதை எழுதினேன். விடைத்தாள்களில் ஆண்டுதோறும் காணும் பிழைதான். ஆனால், ஒரு பாடத்தை அந்தப் பிழையிலிருந்து தொடங்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

மூன்றாம் வகுப்பில், கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002 இல் தொடக்கிவைத்த ‘ஃபெட்’ பாவனையாக்கங்களை, அதாவது கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் பரிசோதனைகளை, திறந்தோம். 9 வோல்ற்று மின்கலவடுக்கு, 10 ஓம் தடையுள்ள மின்குமிழ், குமிழுக்கு முன்னே ஓர் அம்பியர்மானி, பின்னே ஓர் அம்பியர்மானி. ஆளியை மூடுமுன், எந்த மானி எவ்வளவு காட்டும் என்று ஒவ்வொருவரும் எழுதிவைக்க வேண்டும். மூடியதும் இரண்டும் 0.90 அம்பியர் காட்டின. அடுத்த திங்கட்கிழமை இதையே என் வகுப்பில் ஒரு மடிகணினியை வைத்துச் செய்தேன். அரைவாசிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பின்னாலுள்ள மானி குறைவாகக் காட்டும் என்று எழுதியிருந்தார்கள். மானிகளைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து வந்து, இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கச் சொன்னான். மாற்றினேன். அதே 0.90. அப்படியென்றால் குமிழ் எதைத்தான் எடுக்கிறது என்று அவன் கேட்ட கேள்வியில்தான் சக்தி பற்றிய அடுத்த பாடம் தொடங்கியது. இந்தப் பாவனையாக்கங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும் என்பது, அலைபேசிச் சமிக்ஞை ஒரு கோடு வந்து போகும் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளுக்குச் சிறிய விடயமன்று.

பதினாறு வாரங்களில் எனக்கு நின்றது இதுதான். கட்டணத்தில் பாதிக்கு இந்தப் பகுதி மட்டுமே பெறுமதி.

கருவிகள் பற்றிய வகுப்புகளை ஓர் இளம் மென்பொருள் பொறியியலாளர் நடத்தினார். பாடங்களையும் வினாக்களையும் ஏற்றி வகுப்பை நடத்த உதவும் மூடில், கூகுள் கிளாஸ்ரூம், ஊடாடும் பயிற்சிகளை ஆக்கும் எச்5பி, காணொளிப் பதிவு என்று வேகமாகவும் தெளிவாகவும் கொண்டுசென்றார். இருபது பேருக்குப் பதினான்கு கணினிகளே இருந்தன. மடிகணினி இல்லாதவர்கள் இருவராகப் பகிர்ந்துகொண்டார்கள். மூடில் 2002 இலிருந்து இலவசமாகக் கிடைப்பது. அதைப் பாடசாலையின் பழைய கணினியொன்றில் நிறுவி, வெளி இணையம் இன்றி உள்வலையமைப்பில் ஓடவிடும் முறையை அவர் காட்டித் தந்தது மிகவும் பயனுள்ளது. எச்5பி வகுப்பு சராசரி.

ஆனால் அங்கேயே ஒரு பெரிய ஓட்டையும் வெளிப்பட்டது. பத்தாண்டுகளாக நான் சேர்த்துவைத்த வினாத்தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருப்பவை. அவற்றிலிருந்து நாற்பது பல்தேர்வு வினாக்களை வெட்டி மூடிலில் ஒட்டியபோது, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகவே திரையில் வந்தன. பாமினி என்பது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்திருக்கும் எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில், உள்ளே கிடக்கும் ஆங்கில எழுத்து அப்படியே வெளியே தெரியும். யூனிகோட்டிலோ தமிழுக்கெனத் தனிக் குறியிடங்கள் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. இதைக் கேட்டபோது பயிற்றுநர், மீண்டும் தட்டச்சுச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு திரையில் அடுத்த படவில்லைக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த கல்முனைத் தங்கச்சி ஒருவரே எழுத்துரு மாற்றியைத் திறந்து காட்டினார். அதிலும் கவனம் வேண்டும்: தமிழோடு சேர்த்து நீரின் இரசாயனச் சூத்திரத்தையும் அலகுகளின் குறியீடுகளையும் மாற்றி அது பொருளற்ற தமிழ் எழுத்தாக்கிவிட்டது, அன்று இரவு இரண்டு மணிவரை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். எங்கள் பிரதேசத்தில் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் முதலடியிலேயே இடறும் கல் இது. பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு வரியேனும் இல்லை.

துண்டுப்பிரசுரம் எதைச் சொல்லி எங்களை அழைத்ததோ, அந்தத் தொழில்வழித் திட்டமிடல் பகுதிக்குக் கடைசி நான்கு சனிக்கிழமைகள். பாடநெறி சறுக்கிய இடம் இதுவே. சிறப்பு விரிவுரையாளர் ஒருவர் சூம் வழியாக வந்து, பாட வடிவமைப்பாளர், உள்ளடக்க உருவாக்குநர், மூடில் போன்ற கற்றல் முகாமைத்துவத் தொகுதியின் நிருவாகி ஆகிய பதவிகளையும் அவற்றுக்கு வெளிநாடுகளில் கிடைக்கும் சம்பளத்தையும் டொலரில் அடுக்கினார். ஒரு பேச்சில் நான்கு முறையாவது, “நீங்கள் சோக்கட்டியை விட்டு வெளியே வர வேண்டும்” என்றார். முன்வரிசையில் இருந்த ஆலோசகர் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையவழியில் கணிதமும் தமிழும் கற்பிப்பது நல்ல வருமானம் தரும் என்றும் சொன்னார். இருக்கலாம். ஆனால் ரொறன்ரோவில் குளிர்காலத்தில் மாலை ஆறு மணி என்பது மட்டக்களப்பில் மறுநாள் அதிகாலை நாலரை மணி. இலண்டனில் மாலை ஐந்து என்றால் இங்கே இரவு பத்தரை. அந்த வகுப்பை முடித்துவிட்டு ஏழரை மணிக்குப் பாடசாலை வாசலில் நிற்க வேண்டிய ஒருவருக்கு இது எத்தனை மாதம் தாங்கும் என்பதைப் பற்றியோ, அரச ஆசிரியர் ஒருவர் வெளியே ஊதியத்துக்கு வேலை செய்வதற்குத் தாபன விதிக்கோவையின்படி அனுமதி பெறவேண்டியிருப்பதைப் பற்றியோ பேச்சே இல்லை. நான் கேட்ட கேள்விக்கு, “அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பதே பதிலாக வந்தது.

என்னைவிட, வகுப்பில் இருந்த ஆறு இளையவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. உயர்தரப் பெறுபேற்றோடு, இந்தச் சான்றிதழ் ஆசிரியத் தொழிலுக்கு ஒரு குறுக்குவழி என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். ஆசிரிய நியமனத்துக்குச் செல்லும் பாதை வேறு. தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மூன்றாண்டுகள்: இரண்டாண்டு கல்லூரிக்குள், மூன்றாம் ஆண்டு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. பட்டதாரியாக வருவதென்றால் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ வேறொரு பல்கலைக்கழகமோ. அதன் மேல் பட்டப்பின் கல்வி டிப்ளோமா, அதைத் திறந்த பல்கலைக்கழகத்தினூடாகவும் படிக்கலாம். 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கப்பட்ட பின்னர், கணினியும் கற்பித்தலும் ஒருசேரக் கைவந்த ஆசிரியருக்குப் பாடசாலையில் செய்ய வேலை நிறையவே உண்டு. இந்த விவரங்களை ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்திருந்தாலே அந்த ஆறு பேரின் ஒரு சனிக்கிழமை வீண்போயிராது.

சான்றிதழின் தகுதி பற்றி அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டேன். நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றது. ஆனால் இந்தப் பாடநெறி தேசிய தொழிற்தகைமையின் ஏழு மட்டங்களில் எதிலும் வராது என்று, மறைக்காமல், சிரித்த முகத்தோடு அங்கிருந்த பெண் சொன்னார். கேட்டால் சொல்கிறார்கள்; கேட்காவிட்டால் துண்டுப்பிரசுரத்திலுள்ள ‘அரச அங்கீகாரம்’ என்ற சொல்லோடு வீடு திரும்ப வேண்டியதுதான். பணம் கட்டுமுன் நிலையத்தின் பதிவையும் பாடநெறியின் மட்டத்தையும் தனித்தனியே கேளுங்கள்.

ஐந்தாறு ஆண்டாவது வகுப்பறையில் நின்றவர்களுக்கு இதில் சேரச் சொல்வேன். கொண்டுபோக அவர்களிடம் சரக்கு இருக்கிறது. பிள்ளை எங்கே இடறும் என்று தெரியாதவர் எழுதும் இணையப் பாடம் அழகான திரையாகத்தான் இருக்கும், அதை எந்த நிறுவனமும் இன்னொருவரிடம் மலிவாகச் செய்வித்துக்கொள்ளும். உயர்தரம் முடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இந்த 38,000 ரூபாயை இப்போது செலவழிக்க வேண்டாம். நான் வகுப்பறையை விடப்போவதில்லை. விடுமுறையில் மின்னியலுக்கான எட்டுப் பாடங்களைத் தமிழில் எழுதி முடிப்பதாக ஆலோசகர் ஐயாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், இதுவரை மூன்று முடிந்திருக்கின்றன.

அடுத்த அணிக்கான துண்டுப்பிரசுரம் கடந்த வாரம் கைக்கு வந்தது. எழுத்துரு மாற்றம் பற்றி ஒரு வகுப்பு புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கட்டணம் 42,000 ஆகியிருக்கிறது. தடித்த எழுத்தில் இருந்த அந்த வரி மட்டும் மாறவில்லை.