ஃபேன் ஓடும் ஊரில் மெல்லப் பாடுகிறவர்கள்

ஹெட்போனுக்குப் புது குஷன் போட்டாயிற்று. அந்தக் குஷியில், வைத்திருக்கும் ராக், இண்டி ஃபோக் (கிட்டாரோடு மெல்லப் பாடுகிற வகை) ஆல்பங்களை ஒவ்வொன்றாக மறுபடி கேட்க ஆரம்பித்தேன். அபிப்பிராயமெல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுத் தம்பி வேறு, “இன்னாணா, எப்பப் பாத்தாலும் அத்த மாட்டிக்கினே கீற. எனக்கும் சொல்லு, எதுலேர்ந்து கேக்க ஆரம்பிக்கட்டும்?” என்று கேட்டுவிட்டான். சத்துவாச்சாரியில் ஏறி ராணிப்பேட்டை சிப்காட்டில் இறங்குவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. யார் பாடியது, எந்தக் கம்பெனி வெளியீடு என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும். பல வருடம் கூடவே வைத்துக் கேட்டதில் எது நின்றது, எது சலித்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

குஷன் கதையைச் சுருக்கமாக. ஹெட்போனோடு வந்தது தோல் இல்லை, ரெக்சின். வியர்வை ஊற ஊற அதன் மேல் பூச்சு விட்டுக்கொடுத்துச் செதில் செதிலாக உதிரும். தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் காதோரமும் காலரும் ரெக்சின் தூளோடு பஸ் ஏறுவது எவ்வளவு கேவலம் என்று யோசித்துப் பாருங்கள். ஷூ லைனிங்குக்குப் போகும் மெல்லிய ஆட்டுத்தோலில் துண்டு வாங்கி, பை தைக்கிற ஒருவரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டேன். காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் உட்காருகிறது, கசிந்து போய்க்கொண்டிருந்த பேஸ், அதாவது அடி ஒலி, திரும்பிவிட்டது. அந்த வகையில் பரம திருப்தி.

ஆட்டுத்தோலாலும் ஆகாத ஒன்று இருக்கிறது. ஃபேன்.

வேலூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கோடையில் ‘வெயில் சதமடித்த ஊர்கள்’ என்று செய்தி வந்தால் நம் பெயரைத் தேட வேண்டியதில்லை. சுற்றி நிற்கும் மொட்டைப் பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வட்டியோடு திருப்பித் தரும். மாசிக் கடைசியில் சுற்ற ஆரம்பிக்கும் ஃபேன் ஐப்பசி மழைக்குத்தான் ஓயும். காதை மூடுகிற ஹெட்போன் பேச்சுக்குரலை ஓரளவு தடுக்கும். ஃபேனின் அடித்தொண்டை இரைச்சலை அதனால் தடுக்க முடியாது. அந்த இரைச்சல் நேராகப் போய் உட்காருவது கிட்டாரின் தடித்த கம்பிகள் மேல், வரிக்கும் வரிக்கும் நடுவே பாடகன் இழுக்கும் மூச்சின் மேல். இண்டி ஃபோக்கில் பாதி உயிர் அந்த மூச்சில்தான். வால்யூமைக் கூட்டினால் மூச்சு கேட்கும். அடுத்த வரியில் ஆள் குரலை உயர்த்தினால் காது வலிக்கும்.

வெளிச்சத்தத்தை அடக்குகிற நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கு என்று யாரும் வரவேண்டாம். நண்பனுடையதை இரவல் வாங்கிப் பார்த்தேன். ஃபேன் சத்தத்தை நன்றாகவே விழுங்குகிறது, கூடவே காதையும் அடைக்கிறது. அந்த அனுபவத்துக்கு எனக்கு ஏலகிரி கொண்டை ஊசி வளைவுகளே போதும்.

இந்த ஃபேனிடம் அதிகம் அடிபட்டது ஆங்கிலப் பாடகர் நிக் ட்ரேக்கின் ‘பிங்க் மூன்’. 1971 அக்டோபரில் லண்டனில் இரண்டே இரவில் பதிவானது. குரல், ஒரு கிட்டார், தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. 11 பாட்டு சேர்த்தும் 28 நிமிடம். 1972-இல் வெளிவந்தபோது சீண்ட ஆளில்லை. 1974-இல், 26 வயதில், ட்ரேக் போய்ச் சேர்ந்தார். அவர் போய் கால் நூற்றாண்டு கழித்து ஒரு கார் விளம்பரத்தில் தலைப்புப் பாட்டு ஒலித்த பிறகுதான் ஜனம் வாங்க ஆரம்பித்தது. (ஆள் பிறந்தது ரங்கூனில், 1948-இல். இதைச் சொன்னதும் எங்கள் பாட்டி “நம்ம பர்மாக்காரப் பையனா, ஐயோ பாவம்” என்று உச்சுக் கொட்டினாள்.)

ஆரம்பத்தில் எனக்கு இது பாதியில் கைவிட்ட வேலையாகத்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய ‘பிரைட்டர் லேட்டர்’ இருக்கிறதே, வயலின்கள், புல்லாங்குழல், டிரம்ஸ் என்று சர்வ அலங்காரத்தோடு, அதுதான் பிடித்தது. இப்போது தலைகீழ். அந்த வயலின்கள் ட்ரேக்கின் விரல்களுக்குக் குறுக்கே நிற்பதாகப் படுகிறது. விரல்களைக் கேட்க ‘பிங்க் மூன்’தான் வேண்டும், அதற்கு ஃபேன் நிற்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் கரண்ட் நிற்கும் நாள் எனக்கு லீவாக அமைந்தால் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு இதைப் போடுவேன். தெருவில் ஒரு மோட்டார் ஓடாது. கட்டைவிரல் கீழ்க்கம்பியில் தனியாக நடப்பதும் மற்ற விரல்கள் மேலே வேறு கணக்கில் பின்னுவதும் அப்போது பிரித்துப் பிரித்துக் கேட்கும். வீட்டில் இதற்கு என்ன திட்டு வாங்குகிறேன் என்பதை விடுங்கள். 28 நிமிடம் என்பது ஃபேன் இல்லாமல் இங்கே ஓர் ஆள் தாங்குகிற அளவு. பன்னிரண்டாவது பாட்டு என்று ஒன்று இருந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

போன் ஈவேரின் ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’ விஷயம் வேறு. போன் ஈவேர் என்ற பெயரில் பாடுகிற ஜஸ்டின் வெர்னான், முந்தைய இசைக்குழு உடைந்து, உடம்பும் கெட்டு, விஸ்கான்சின் காட்டில் அப்பாவின் வேட்டைக் குடிலுக்குப் போய் 2006–07 குளிர்காலத்தைத் தனியாகக் கழித்தபோது பதிவு செய்தது. 9 பாட்டு, 37 நிமிடம். முதலில் அர்த்தமில்லாத ஓசைகளாகப் பாடிப் பதிந்துகொண்டு, பிறகு அந்த ஓசைக்குப் பொருந்துகிற சொற்களைத் தேடிப் போட்டிருக்கிறார். தத்தகாரத்துக்குப் பாட்டெழுதும் ஊரில் வளர்ந்த நமக்கு இதில் அதிசயம் இல்லை. ஆனால் வரிகளுக்கு அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரிந்தபோது பெரிய நிம்மதி.

வேலையைக் குறை சொல்ல இடமே இல்லை. ஒரே ஆள் தன் கள்ளக்குரலை அடுக்கடுக்காகப் பதிந்து ஒரு கூட்டமே பாடுகிற கனத்தைக் கொண்டுவருகிறார். ‘தி வுல்வ்ஸ்’ பாட்டின் கடைசியில் அந்த அடுக்குகள் ஒன்றோடொன்று மோதிச் சரியும் இடத்துக்கு இணையாக இந்த வகையில் நான் கேட்டது குறைவு. எரிச்சல் என்னவென்றால் அது மார்கழி, தை தவிர வேறு எந்த மாதத்திலும் என் வீட்டில் வேலை செய்வதில்லை. அந்த இரண்டு மாதம் விடியற்காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்டால் அபாரம். சித்திரையில், ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பனியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர்மேல் எவ்வளவு நேரம் இரக்கப்படுவது? நடு வெயிலில் எனக்கு அவர்மேல் பொறாமைதான் வருகிறது.

சத்தமான ஆல்பங்களுக்கு இங்கே ராஜ மரியாதை. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் என்ற ராக் குழுவின் ‘கலிஃபோர்னிகேஷன்’ 1999-இல் வந்தது. ஒலியை எல்லை வரை அழுத்தி உச்சிகளை நறுக்கிவிட்டார்கள் என்று ரசிகர்களே மறுபதிப்பு கேட்டு மனுப் போட்ட ஆல்பம். நல்ல அறையில், நல்ல ஸ்பீக்கரில் அது குற்றம். ஐந்தாம் நம்பரில் ஃபேன் ஓடும் அறையில் ஒரு சொல் தவறாமல் கேட்கிறது. எல்லாமே ஒரே உயரத்தில் இருப்பதால் ஃபேனுக்கு விழுங்க எதுவும் மிச்சமில்லை. மூன்று பாட்டுக்கு மேல் தலைவலி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற குழுவின் ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ’ (1998) அப்படியில்லை. காட்பாடியில் படித்தபோது விடுதி அறைத்தோழன் ஐஸ்வாலிலிருந்து கொண்டுவந்த ஹார்ட் டிஸ்கில் இருந்தது. பிங்க் ஃபிளாய்டு, ரேடியோஹெட் எல்லாம் அந்த டிஸ்கிலிருந்து வந்தவைதான். வேலூரில் எனக்கு ராக் கற்றுக்கொடுத்தது மிசோரமும் மேகாலயாவும் என்று தாராளமாகச் சொல்லலாம். இதைப் போட்டதும், யாருடா இந்த ஆள், தொண்டை கட்டிய கோழி, நிறுத்து என்றேன். குழுவின் பாடகர் ஜெஃப் மாங்கம் பாடுவது சுருதிக்கு ஓரமாகத்தான் போகும். சாதா அக்கவுஸ்டிக் கிட்டாரையே வேண்டுமென்று கரகரக்கவிட்டிருப்பார்கள். அறுக்கும் ரம்பத்தை வில்லால் இழுத்து ஒரு வாத்தியம் வேறு. நாஜிகளுக்குப் பலியான யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க்கின் டைரியைப் படித்துக் கலங்கிப்போய் எழுதிய பாட்டுகள் என்பார்கள். அது தெரிந்தும் பல வரிகள் பிடிபடாது. இன்றைக்கும் முதல் இரண்டு பாட்டில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

நடுவில் ‘தி ஃபூல்’ என்று ஒன்று வருகிறது. பாட்டு இல்லை, வெறும் பித்தளை வாத்தியங்களும் டிரம்மும், இரண்டு நிமிடம்கூட இல்லை. அப்படியே நம் ஊர் சாவு ஊர்வலத்து பேண்டு செட் மாதிரி. சட்டைப் பித்தான் பாதி போடாமல், ஆளுக்கு ஒரு சுருதியில், பாலாற்றங்கரை மயானம்வரை ஊதிக்கொண்டே போவார்களே, அந்தத் தள்ளாட்டமும் அந்தக் கம்பீரமும் அதே அளவில். அமெரிக்காவில் டென்வரில் பதிவு செய்ததில் இது எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. அது முடிந்த கையோடு ‘ஹாலண்ட், 1945’ பாய்ந்து வரும். பஸ்ஸில் காலைத் தட்டாமல் உட்காரமுடியாது. இதற்கடுத்து இன்னொரு ஆல்பம் அவர்கள் போடவே இல்லை.

அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸுக்கு வருவோம். 2005-இல் வந்த ‘இலினாய்’ 22 பாட்டு, கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி நேரம். கல்லூரியில் இதைக் கேட்டு வாய்பிளந்தேன். இப்போது பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் திரும்புவதில்லை. 2015-இல் வந்த ‘கேரி அண்ட் லோவெல்’ நேர்மாறு: அம்மா இறந்த பிறகு பாடியது, டிரம்ஸ் கிடையாது, கிட்டத்தட்ட முணுமுணுப்பு. என் கணக்குப்படி ஃபேன் இதையும் தின்றிருக்க வேண்டும். தின்னவில்லை. அதில் ஒரு பாட்டை ஹோட்டல் அறையில் ஐபோனில் பதிவு செய்திருக்கிறார். கூர்ந்து கேட்டால் பின்னால் ஏதோ ஏசி ஓடுகிற இரைச்சல். அந்த இரைச்சலும் என் ஃபேனும் கலந்து, எது அவர் அறை, எது என் அறை என்று பிரிக்க முடியாமல் போய்விடுகிறது. சுத்தமாகப் பதிவு செய்த மற்ற பாட்டுகளைவிட இதுவே என் வீட்டில் தெளிவாகக் கேட்பது என்ன நியாயம் என்று தெரியவில்லை. ஒரே நிபந்தனை: அம்மா அடுத்த அறையில் இருக்கும்போது இந்த ஆல்பத்தைப் போடமாட்டேன்.

எதிர்பாராத சந்தோஷம் பிக் தீஃப் என்ற நால்வர் குழு. 2019-இல் ஒரே வருடத்தில் இரண்டு ஆல்பம். மே மாதம் வந்த ‘யூஎஃப்ஓஎஃப்’ வாஷிங்டன் மாநிலத்தில் மழைக்காட்டுப் பக்கம் பதிவானது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன். அது முடிந்த சில நாளில் அதே நால்வர் டெக்சாஸில் எல் பாசோ பக்கத்துப் பாலைவனத்துக்குப் போய் ‘டூ ஹேண்ட்ஸ்’ பதிவு செய்தார்கள். வெளியே வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது நம் கணக்கில் சதம். ஒட்டு வேலை அதிகமில்லாமல், பெரும்பாலும் நாலு பேரும் சேர்ந்து வாசித்து ஒரே மூச்சில் பிடித்தவை.

வெளிவந்த புதிதில் மொட்டையாக இருக்கிறதே என்று ஒதுக்கிவைத்திருந்தேன். புது குஷனோடு, அக்னி நட்சத்திர நாளில், சாப்பாட்டு இடைவேளையில் கேட்டபோதுதான் பிடித்துக்கொண்டது. பாடகி ஏட்ரியன் லெங்கரின் குரலில் நாக்கு வறண்ட ஆளின் கரகரப்பு. டிரம்ஸ் ஈரப்பசையே இல்லாமல் அடிக்கிறது. ‘நாட்’ என்ற பாட்டில் வரி வரியாக இது இல்லை, அது இல்லை என்று மறுத்துக்கொண்டே போய், கடைசியில் பேச்சு போதாமல் கிட்டாரை எடுத்துக் கதறவிடுகிறார். வாசிப்பு சுத்தமா என்றால் சுத்தம் இல்லை. சூட்டில் பொறுமை இழந்தவர்கள் வாசிக்கிற வாசிப்பு. குளிர் நாட்டு ஆல்பங்களை வாங்கிவந்து இத்தனை வருடம் ஃபேனோடு சண்டை போட்டவனுக்கு, சதமடித்த வெயிலில் செய்த ஒன்று கிடைத்தால் எப்படி இருக்கும்!

மீதி எல்லாம் வேகமாக. பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ இன்னும் அதே உயரத்தில்தான், அதில் சண்டை இல்லை. ‘ஓகே கம்ப்யூட்டர்’ மதிக்கிறேன், போடுவதில்லை. ரேடியோஹெட்டில் இப்போது கை போவது ‘இன் ரெயின்போஸ்’ பக்கம். ஃப்ளீட் ஃபாக்ஸஸின் முதல் ஆல்பம் 2008-இல் வந்தபோது அந்தக் கூட்டுக்குரலில் மயங்கினேன். இப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் அழகாகப் பாடுவது கொஞ்சம் அலுக்கிறது. 2020-இல் வந்த ‘ஷோர்’ பரவாயில்லை, வெளிச்சமாக இருக்கிறது.

ஆக, தம்பிக்கு எது? ‘டூ ஹேண்ட்ஸ்’ என்றுதான் மேலே எழுதியதெல்லாம் சொல்கிறது. ஆனால் நேற்று அவனுக்கு நான் அனுப்பியது ‘ஏரோப்ளேன்’. பேண்டு செட் வருகிறவரை பொறுத்துக்கொள் என்றேன். எனக்குக் கிடைத்த எரிச்சல் அவனுக்கும் கிடைக்கட்டும். ‘ஃபார் எம்மா’வை போனிலிருந்து அழித்துவிட்டேன், கார்த்திகை முடியட்டும், இறக்கிக்கொள்ளலாம். அதற்குள் யாராவது வந்து இந்தப் பட்டியலிலேயே உயர்ந்தது அதுதான் என்று வாதாடினால், ஆமாம் என்று சொல்லிவிட்டு ஃபேனை ஒரு நம்பர் கூட்டிக்கொள்வேன்.