சமையலறை ஜன்னலில் ஒரு பைனாகுலர்: ஐந்து வருடப் பயன்பாட்டுக்குப் பின்

பைனாகுலர் என்றாலே காட்டுக்குப் போகிறவர்கள் வாங்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். கோத்தகிரியில் வீடு, குன்னூரில் வேலை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருக்கும் எனக்கு இது வீட்டுச் சாமான். வாங்கி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றாட வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்த பொருள் வீட்டில் வேறு எதுவும் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 8×42. பார்ப்பதை 8 மடங்கு பெரிதாக்கும். முன் லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5 சொச்சம் வரும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அந்த 5 மில்லிமீட்டர்தான். வெளிச்சம் குறைந்தால் நம் கண்பாவை விரியும் இல்லையா, அப்போது இந்த அளவு கைகொடுக்கும். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், நினைத்த நேரத்தில் மூடுபனி இறங்கும் ஊரில் இதன் பலன் நன்றாகவே தெரிகிறது. கடையில் 10×42 வாங்கச் சொல்வார்கள். வேண்டாம் என்பேன். கை நடுக்கமும் சேர்ந்து 10 மடங்காகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். கிளைக்குக் கிளை தாவும் சின்னக் குருவியைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்திருக்கும்.

காலையில் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரம்தான் என் நேரம். ஜன்னலுக்கு வெளியே பிளம்ஸ் மரம். அது பூக்கும்போது வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வரும். வெறும் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ அசைவது தெரியும், அவ்வளவுதான். பைனாகுலரை வைத்தால், கண்ணைச் சுற்றியுள்ள வெள்ளை வளையம் பொடிப்பொடி இறகுகளால் ஆனது என்பது வரை தெரிகிறது. தலைகீழாகத் தொங்கிப் பூவுக்குள் அலகை விடும். வெளியே எடுக்கும்போது நெற்றியில் மகரந்தம் ஒட்டியிருக்கும். இன்னொன்று வந்து இடித்துக்கொண்டு உட்காரும். எல்லாம் சன்னமான குரலில் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சட்டென்று மொத்தக் கூட்டமும் அடுத்த மரத்துக்குப் போய்விடும். இரண்டு நிமிடம் இருக்கும். அந்த இரண்டு நிமிடமும் டிபன் பாக்ஸ், பஸ், ஆபீஸ் எதுவும் என் நினைப்பில் இருப்பதில்லை.

சோலையை ஒட்டி வீடு இருப்பதால் சில நாள் நீலகிரி ஈப்பிடிப்பானும் வேலிவரை வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை, எங்கள் துணிக்கொடிக்குப் பக்கத்தில்! அந்த அடர்நீலத்தை முதலில் பார்த்தபோது பிள்ளைகளைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை.

அப்புறம், சாம்பல் வாலாட்டி. செப்டம்பர் வாக்கில் இமயமலைப் பக்கமிருந்து வந்து, கோடை தொடங்கியதும் திரும்பிவிடும். மஞ்சள் வயிறும் ஓயாமல் ஆடும் நீண்ட வாலுமாக வீட்டுக்குப் பின்னால் ஓடும் தண்ணீரோரமாக நடக்கும். போன வருடம் அதை முதலில் பார்த்தது என் மாமியார். "உன் விருந்தாளி வந்தாச்சும்மா, போய்ப் பாரு" என்று என்னை எழுப்பினார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அத்தைக்கு இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு. வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தைத் திருப்பி அதைச் சரிசெய்துகொள்ளலாம். இப்போது பகலில் பைனாகுலர் அவரிடம்தான்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். பிள்ளைகள் இதற்காகவே காத்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் நான் கணக்கு எதுவும் வைப்பதில்லை. எண்ணிக்கை ஏற ஆரம்பித்தால் இதுவும் இன்னொரு வேலையாகிவிடும்.

குறைகள்: எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால் வலிக்கிறது. கண் வைக்கும் ரப்பர் வளையம் மூன்றாம் வருடமே தளர்ந்தது. நிறுவனத்துக்கு எழுதியும் பதில் இல்லை. மலையில் பெரிய எதிரி ஈரம். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் போக்குவது கஷ்டம். உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பிய மாடல் என்றால் உட்புறம் பனி படியாது, அதையே கேட்டு வாங்குங்கள். வெயில் நாளில் ஜன்னலோர ஆணியில் தொங்கவிடுவேன், கண்ணில் பட்டால்தான் கை எடுக்கும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவுக்குள் போய்விடும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், மாற்ற வேண்டும். முந்தானையால் லென்ஸைத் துடைக்காதீர்கள். முதலில் தூசியை ஊதிவிட்டு, மெல்லிய லென்ஸ் துணியால் ஒற்றி எடுங்கள்.

பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்லது கிடைக்கிறது. வாங்கும்போது கடை வாசலுக்கு வந்து எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலோ கண்ணை இழுத்தாலோ வேறு பீஸ் கேளுங்கள். என்னைப் போல மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றாமலே, ரப்பர் வளையத்தை இறக்கிவிட்டுப் பாருங்கள். படம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன், சூரியனை இதில் பார்க்கவே கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.