சிதலுக்கு ஊசியா, அண்டி எண்ணெயா?

குளிர் நாடுகளில் பனி விழுமுன் எலி நுழையும் ஓட்டைகளைத் தேடி அடைப்பார்கள். சிதல் எனும் கறையானைத் தடுக்க நமக்குக் கெடு வைகாசி. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இறங்கிய அந்தியில் டியூப்லைட்டைச் சுற்றும் ஈசல், சிறகு முளைத்த சிதல்தான். விடிந்ததும் வாசற்படியில் சிறகு மட்டும் குவிந்து கிடந்தால் ஜோடி சேர்ந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஐப்பசி மழையிலும் உஷாராக இருக்கணும்.

தக்கலைப் பக்கம் எங்கள் ஓட்டு வீட்டுக்கு முதலில் ஊசி போடத்தான் ஆள் கூப்பிட்டேன். சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு, மருந்தை இறக்கி, வெள்ளை சிமென்டால் அடைப்பார்கள். குளோர்பைரிபாஸ் என்ற மருந்து என்றால் பட்ட சிதல் சட்டென்று சாகும், மற்றவை செத்தது கிடக்கும் இடத்தை விட்டு விலகும். விட்ட இடைவெளி வழியே திரும்ப வரும். லிட்டருக்கு 2.1 மில்லி கலக்கும் 30.5% இமிடாகுளோப்ரிட் என்ற மருந்தைச் சிதலால் கண்டுகொள்ள முடியாது, நடந்து போய் மெல்லச் சாகும். ஆக, ஊசியென்றால் இமிடாதான்.

ஆனால் அது தண்ணீரில் கரையும். வந்த பையன்கள் கிணறு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுக்களைச் சுவரிலிருந்து எட்டடியில் கிணறு! டிரில்லை எடுத்தவனை நிறுத்தி, சாயா கொடுத்து அனுப்பினேன்.

பிறகுதான் அண்டி எண்ணெய். அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் கறுத்த பிசுக்கு. வள்ளத்துக்கு, அதாவது படகுக்குப் பூசுவதும் இதைத்தான். "கையில தேங்காயெண்ண தேச்சுட்டுத் தொடுலே மக்கா" என்று மாமா சொன்னதை நான் கேட்கவில்லை. மணிக்கட்டில் பொள்ளி, ஒரு வாரம் தோல் உரிந்தது. அயினி உத்தரத்திலும் பனங்கழிக்கோலிலும் இழுத்துவிட்டேன். பூசின மரத்தில் இதுவரை சிதல் கட்டும் மண்பாதை ஏறவில்லை. மண்ணுக்குள் இருக்கிற புற்றை இது ஒன்றும் செய்யாது. மேலே பெயின்டும் பிடிக்காது.

மண்ணெண்ணெய் தெளிப்பதை விட்டுவிடுங்கள். வாடை போனதும் பலனும் போச்சு.

டைல்ஸ் போட்ட தார்சு (கான்கிரீட் கூரை) வீடு, உள்ளே ரப்பர் மரத்தில் அலமாரி, கிணறும் தள்ளி என்றால் யோசிக்காமல் ஊசி போடலாம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், மருந்தேற்றாத பலகை சிதலுக்கும் துளைக்கிற வண்டுக்கும் விருந்து. கிணற்றடி ஓட்டு வீட்டுக்கு எண்ணெயும் விளக்குமாறும் போதும். மண்பாதை கண்ட அன்றே தட்டிவிடணும்.

போன ஞாயிறு ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒவ்வொரு உத்தரமாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் கணீர் என்றது. எண்ணெய் பூச விட்டுப்போன வடக்குக் கதவு நிலை மட்டும் பொத்தென்றது.